இலை விழுந்தால் மீன் பெருகுமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஏரியின் உணவுச் சங்கிலியைக் காய்ந்த இலையில் தொடங்கி வரைந்தாள் என் மகள். பாசியில்தான் தொடங்க வேண்டுமாம், மதிப்பெண் போய்விட்டது. அவள் வரைந்தது தவறா? சரியென்றால் கரையில் மரம் கூடக் கூட மீனும் கூடும்தானே? படிக்க நூல் ஏதாவது சொல்லுங்கள்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மதிப்பெண்ணை விடுங்கள். நூலும் அப்புறம் பார்க்கலாம். குழந்தை வரைந்தது சரிதான், என் அன்பைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் பீட்டர், பால் என்று இரண்டு சிறிய ஏரிகள். அவற்றின் தண்ணீரில் கார்பன்-13 என்ற, கார்பனின் சற்றே கனமான வகையை ஆய்வாளர்கள் அடையாளமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படிச் சேர்த்தது ஏரியில் வளரும் பாசியில் ஏறும், கரையிலிருந்து வரும் சத்தில் இருக்காது. மிதந்து திரியும் நுண்விலங்குகளின் உடம்பில் உள்ள கார்பனில் 22 முதல் 50 சதவீதம் வரை நிலத்திலிருந்து வந்தது என்று 2004இல் எழுதினார்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கொட்டினால் பெருகும் என்று யார் சொன்னது? அண்மையில்தான் ஏரியோரம் ஊறிக் கிடந்த இலை ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலை மாதிரி நின்றது, தொட்டால் வழுவழுப்பு. அந்த வழுவழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறிய பிறகுதான் புழுக்களுக்கு அந்த இலை ருசிக்கிறது. இலையிலிருந்து கரைந்து போன சாற்றையோ பாக்டீரியா தின்ன வேண்டும், அதை இன்னொரு நுண்ணுயிர் தின்ன வேண்டும், அதை நுண்விலங்கு, அதை மீன். ஒவ்வொரு வாயிலும் பெரும்பங்கு கரியமில வாயுவாக மூச்சில் போய்விடுகிறது, கடைசியில் நிற்கும் மீனுக்கு என்ன மிஞ்சும்? போதாததற்குப் பாசியில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பு மட்கிய இலையில் அநேகமாகக் கிடையாது. மட்கிய இலையை மட்டும் தின்று, நுண்விலங்குகளில் ஒன்றான நீர்த்தெள்ளு சரியாக வளராது.

இன்னொன்று, சாறு இறங்க இறங்கத் தண்ணீர் பழுப்பாகும், வெளிச்சம் அடி வரை போகாது, பாசி படுத்துவிடும். வட சுவீடனில் சத்துக் குறைந்த சிறிய ஏரிகளில் மீன் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் வெளிச்சமே முடிவு செய்கிறது என்று 2009இலேயே காட்டிவிட்டார்கள்.

மாறாக, கனடாவில் சட்பரி பக்கம், உலோகம் உருக்கும் உலைப் புகையில் காடு அழிந்த இடத்தில் டெய்சி ஏரி இருக்கிறது. அங்கே காடு நிறைந்த பகுதியிலிருந்து ஓடை வந்து சேரும் இடங்களில் பெர்ச் மீன் குஞ்சுகள் பெரிதாக இருந்தன. அங்கே இலை உதவியது. ஆகவே எந்த ஏரி, எவ்வளவு ஆழம், தண்ணீர் என்ன நிறம் என்று ஒன்றும் சொல்லாமல் மீன் கூடும்தானே என்று என்னிடம் கேட்காதீர்கள்.