ஃபிஷிங் டொமைன் பட்டியலைப் பகிர்வதும் தடுப்பதும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஃபிஷிங் (போலித் தளம் காட்டி ஏமாற்றும்) டொமைன்களின் பிளாக்லிஸ்ட்டை தினமும் ஃபைலாக இறக்கி ரிசால்வரில் (டொமைன் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்) ஏற்றுகிறோம். ஆர்பிஇசட் (ரெஸ்பான்ஸ் பாலிசி ஜோன்) எதற்கு?

பதில்: ஃபிஷிங் டொமைன் பல சமயம் சில மணி நேரமே உயிரோடு இருக்கும். தினம் ஒருமுறை இறக்கினால், ஆள் ஏமாந்த பிறகுதான் தடுப்பு வரும். ஆர்பிஇசட் என்பது தடுக்கவேண்டிய பெயர்களை வரிவரியாக வைத்திருக்கும் சாதாரண டிஎன்எஸ் ஜோன்தான் (பெயர்ப் பதிவுகளின் தொகுப்பு). பட்டியல் மாறியதும் நோட்டிஃபை என்ற அறிவிப்பு வரும். மாறிய வரிகளை மட்டும் ஐஎக்ஸ்எஃப்ஆர் என்ற டிஎன்எஸ் முறையில் இழுத்துக்கொள்ளலாம். டிசிக் சாவி (கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் ரகசியச் சாவி) இல்லாமல் ஜோனை யாருக்கும் திறந்துவிடாதீர்கள். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் 9.8 பதிப்பு முதல் ஆர்பிஇசட் வசதி இருக்கிறது.

கேள்வி: டொமைனைச் சேர்த்தும் அதன் சப்டொமைன் திறக்கிறதே?

பதில்: ஆர்பிஇசட் ஜோனில் ஒரு டொமைனுக்கு இரண்டு வரி வேண்டும். வெறும் பெயருக்கு ஒன்று, முன்னால் நட்சத்திரமும் புள்ளியும் சேர்த்து இன்னொன்று. இரண்டிலும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) இலக்கு ஒற்றைப் புள்ளியாக இருந்தால் என்எக்ஸ்டொமைன் ('அப்படி ஒரு பெயரே இல்லை') பதில் போகும். இடப்பக்கப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்தால் அது ஜோனுக்கு வெளியே போய்விடும், வரி வேலை செய்யாது. ஜோனின் சீரியல் எண்ணை (பதிப்பு எண்) கூட்ட மறந்தால் மற்ற சர்வர்கள் புதுப் பட்டியலை இழுக்காது.

கேள்வி: மற்ற நிறுவனங்களோடு பகிரும்போது என்னென்ன தரவேண்டும்?

பதில்: வெறும் பெயர்ப் பட்டியலைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வாங்குபவரால் அதைச் சரிபார்க்கவே முடியாது. முதலில் பார்த்த நேரம், கடைசியாகப் பார்த்த நேரம் (இரண்டும் யூடிசியில்), முழு யூஆர்எல், எந்த நிறுவனம்போல் வேஷம் போட்டது, காலாவதித் தேதி, டிஎல்பி நிறம் (யாரோடு வரை பகிரலாம் என்று சொல்லும் குறி) எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த டொமைன் மோசடிக்கென்றே பதிவானதா, ஹேக் ஆன நல்ல தளமா என்ற குறிப்பு. முதல் வகையை டிஎன்எஸ்ஸில் அடைக்கலாம். இரண்டாவதை யூஆர்எல் அளவில் ப்ராக்ஸியில்தான் (இணையப் போக்குவரத்தை இடையில் நின்று பார்க்கும் சர்வர்) தடுக்கவேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு யூஆர்எல்லில் டொமைனுக்குப் பின்னால் வரும் பாதை தெரியாது, அங்கே அடைத்தால் முழுத் தளமும் விழுந்துவிடும். இலவச ஹோஸ்டிங்கில் தாய்ப் பெயரை அடைத்தால் சம்பந்தமில்லாத எத்தனையோ தளங்கள் சேர்ந்து போகும். பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்டோடு (எந்தப் பெயர்களின் கீழே பலரும் தனித்தனிப் பெயர் வாங்கலாம் என்று காட்டும் பொதுப் பட்டியல்) ஒப்பிட்ட பிறகே பெயரைச் சேருங்கள்.

இன்னொன்று: ஃபிஷிங் யூஆர்எல்லின் வாலில் ஏமாற்றப்படுபவரின் மின்னஞ்சல் அடிக்கடி ஒட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் பேஸ்64 வடிவில் (எழுத்தும் எண்ணுமாக மாற்றி எழுதும் குறியீடு). அதை வெட்டிவிட்டுப் பகிருங்கள்.

கேள்வி: மிஸ்ப்பில் (மோசடித் தகவல்களைப் பகிரும் மென்பொருள்) ஏற்றிய டொமைன் எங்கள் தடுப்புப் பட்டியலுக்கு வரவில்லை.

பதில்: டொமைனுக்கு 'டு-ஐடிஎஸ்' குறி (தடுப்புக் கருவிகளுக்கு அனுப்பலாம் என்ற அடையாளம்) போட்டீர்களா, அது இருக்கும் ஈவென்ட்டை (பதிவுத் தொகுப்பை) பப்ளிஷ் செய்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

கேள்வி: தவறாக ஒரு நல்ல தளம் மாட்டினால்?

பதில்: உங்களுடைய சொந்த அனுமதி ஜோனை ஆர்பிஇசட் வரிசையில் முதலில் வையுங்கள், வரிசையில் முன்னால் இருக்கும் ஜோனின் விதிதான் ஜெயிக்கும். அதில் அந்தப் பெயருக்கு சிநேம் இலக்காக 'ஆர்பிஇசட்-பாஸ்த்ரூ' கொடுத்தால் உடனே திறக்கும். உங்கள் பக்கம் திறந்ததோடு விடாமல், பட்டியல் தந்தவருக்கும் அன்றே எழுதுங்கள். அதே பட்டியலை வாங்கும் மற்றவர்களிடம் அந்தத் தளம் இன்னும் அடைபட்டே கிடக்கும்.