14ஆவது மாடிச் சுவரை இடிக்கலாமா?
குன்னூரில் இருந்துகொண்டு சென்னை ஃப்ளாட்டைப் புதுப்பிக்கிறீர்கள். சமையலறைச் சுவரைப் பார்த்த மேஸ்திரி, "6 அங்குலம்தானே, இடிச்சிடலாம்" என்கிறார். தயவுசெய்து இடிக்க விடாதீர்கள்! நம் நீலகிரிப் பழைய பங்களாக்களில் தடித்த சுவர்தான் பாரம் தாங்கும். அந்தக் கணக்கு சென்னை ஃப்ளாட்டில் செல்லாது. அலுமினியம் ஃபார்ம்வொர்க்கில், அதாவது அலுமினிய அச்சுகளுக்குள் கான்கிரீட் ஊற்றி, வார்த்த கட்டடம் என்றால் அந்த மெல்லிய சுவரே கம்பி கட்டிய கான்கிரீட். மேல்மாடிகளின் பாரமும் புயல்காற்றின் விசையும் அதன் வழியாகத்தான் இறங்கும்.

ஓரத்தில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். செங்கல்லோ பிளாக்கோ தெரிந்தால் நம்பிக்கை உண்டு. அப்போதும் பில்டரிடம் எந்தச் சுவர், தூண் பாரம் தாங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் வாங்கி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே இடியுங்கள். கான்கிரீட் என்றால் சுவரைத் தொடாமல், சமையலறைக் கதவை மட்டும் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் ஹால்வரை வரும். அப்புறம், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.