மசூரி சாய்ந்தது ஏன்?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பாகான் செராய் அருகில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறேன். ஒரு பாதியில் எம்ஆர் 219 நெல், மறுபாதியில் வீட்டுச் சாப்பாட்டுக்காக மசூரி நெல். இரண்டுக்கும் ஒரே அளவு யூரியா போட்டேன். எம்ஆர் 219 நன்றாக விளைந்தது. மசூரியோ நெடுநெடுவென வளர்ந்து, மணி முற்றுமுன்னே சாய்ந்துவிட்டது. உரம் போதவில்லையா, மிகுந்துவிட்டதா?
– வாசகர், பாகான் செராய்

பதில்: மிகுந்துவிட்டது, ஐயா. உரம் போதாத பயிர் வெளிறிக் குட்டையாக நிற்குமே தவிர, இப்படி உயர்ந்து சாயாது.

1965-இல் மலேசியாவில் வெளியிடப்பட்ட மசூரி, உயரமான தாள் கொண்ட இரகம். (நம் வீடுகளில் பொங்கும் பொன்னி அரிசியும் இந்த மசூரியின் வழிவந்ததுதான்.) யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடக்கூட இவ்வகைப் பயிர் தூரும் இலையுமாகப் பெருகுகிறது, அடர்ந்த இலைகளின் நிழலில் அடிக்கணுக்கள் நீண்டு மெலிவதால், கதிரின் எடையையும் மழைக்காற்றையும் தாள் தாங்குவதில்லை. சாய்ந்த பயிரில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெயில் படாமல் போகின்றன. மணி பால் பிடிப்பது தடைப்பட்டுப் பதர் மிகுகிறது. ஆகவே ஓர் அளவைத் தாண்டிப் போடும் யூரியா, உயர இரகத்தில் விளைச்சலைக் கூட்டாததோடு குறைக்கவும் செய்யும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே குட்டை இரகங்கள் உருவாக்கப்பட்டன. பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் உயரமான பேத்தா நெல்லைத் தைவானின் குட்டை நெல்லொன்றோடு இனக்கலப்புச் செய்து, 1966-இல் ஐஆர் 8 இரகத்தை வெளியிட்டது. உரமே இடாமல் எக்டருக்கு ஏறத்தாழ 5 டன்னும், எல்லாம் பொருந்திய நிலையில் 10 டன்னை நெருங்கியும் அது விளைந்ததாக 1968-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி 2001-இல் வெளியிட்ட எம்ஆர் 219-உம் குட்டையான, உறுதியான தாள் உடையதாதலால், உண்ட சத்தைத் தாளில் ஏற்றாமல் மணிக்குத் தருகிறது.

அதற்காக எம்ஆர் 219-க்கு அள்ளிக் கொட்டலாம் என்று பொருளன்று. ஒரு டன் நெல் விளைய ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து போதும். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ இருக்கிறது. ஆயினும் தேங்கிய நீரில் பகல் வெயிலில் வீசிய யூரியாவில் பெரும்பகுதி அமோனியாவாகிக் காற்றில் கலந்துவிடுவதால், போட்டதில் பாதிகூடப் பயிரைச் சேர்வதில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட இன்னொரு மூட்டையைப் பிரிப்பவர்களே அதிகம். குலைநோய் என்னும் பூஞ்சை நோயும் புகையான் என்னும் பூச்சியும் அப்படி உரம் மிகுந்து கரும்பச்சையான வயலைத்தான் முதலில் தாக்கும். மேகமூட்டம் மிகுந்த பருவத்தில் எந்த இரகமும் கூடுதல் உரத்துக்கு ஏற்ற விளைச்சலைத் தராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்தில் மசூரிக்கு, எம்ஆர் 219-க்கு இடுவதில் பாதியோடு தொடங்குங்கள் என்பது என் கருத்து. அந்தப் பாதியையும் தூர் கட்டும்போது ஒரு பங்கு, கதிர் உருவாகும் தருணத்தில் ஒரு பங்கு எனப் பிரித்து, நீரை வடித்த சேற்றில் இட்டுப் பிறகு நீர் பாய்ச்சுங்கள். இரண்டாம் பங்கை இடுமுன் பல பச்சை நிறங்களை வரிசையாகக் காட்டும் இலை வண்ண அட்டையோடு இலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இலை அடர்பச்சையாக இருந்தால் அந்தப் பங்கை விட்டுவிடலாம்.