லீட்ஸுக்குப் புறப்படும் ஏற்காட்டுத் தங்கைக்கு

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் தேறிவிட்டாய், இன்னும் இரண்டு மாதத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செவிலியர் வேலை. தமிழ்வழியில் படித்த பயத்தில் கனத்த சொற்பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கி, நாளுக்கு ஐம்பது சொல் என்று மனப்பாடம் செய்கிறாய். மறுவாரம் ஒன்றும் நிற்பதில்லை, என்ன செய்வது அக்கா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தப் புத்தகத்தைப் போட்டித் தேர்வு எழுதுகிற யாருக்காவது கொடுத்துவிடு.

சேலம் அரசு மருத்துவமனையில் வெளிமாநிலத்து இளம் மருத்துவர்கள் விழிப்பதை நீயும் பார்த்திருப்பாய். காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி எல்லாம் படித்துக்கொண்டுதான் வருவார்கள். வாழப்பாடிப் பாட்டியோ, "மேலுக்கு முடியவில்லை சாமி, கிறுகிறுவென்று வருகிறது, நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை" என்பார். அவர்கள் படித்து வந்த சொல் ஒன்றுகூட அதில் இருக்காது. இங்கே இங்கிலாந்துக்கு வந்ததும் அந்த மருத்துவர் இடத்தில் நீ நிற்பாய்.

இந்த ஊர்ப் பாட்டிகளும் அப்படித்தான். 'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. 'அண்டர் த வெதர்' என்பதும் ஏறக்குறைய அதுவே. 'ஆஃப் மை ஃபுட்' என்றால் சோறு இறங்கவில்லை. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்பது கைகால் மரத்துச் சுருக்சுருக்கென்று குத்துவது. கிழவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி 'வாட்டர்வர்க்ஸ்' சரியில்லை என்றால் சிறுநீர்ச் சிக்கல். குழாய் பழுதுபார்க்க ஆள் தேடாதே. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் கழிவறைக்குப் போகவேண்டும். ஒரு பென்னி காசு போட்டால்தான் பொதுக் கழிப்பறைக் கதவு திறக்கும் என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. இவற்றில் பெரும்பாலான சொற்கள் பள்ளிக்கூடத்திலேயே உனக்குத் தெரிந்தவை. சேர்ந்து வரும்போதுதான் ஆள் மாறிவிடுகின்றன.

'பாஸ்' என்ற ஒன்றையே எடுத்துக்கொள். 'பாஸ் அவே' என்றால் இறப்பது, 'பாஸ் வாட்டர்' என்றால் சிறுநீர் கழிப்பது, 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. நம் ஊரில் கல்லூரி முடித்ததைச் சொல்லும் வழக்கத்தில் இங்கே 'பாஸ் அவுட்' என்று சொன்னால், இப்போது பரவாயில்லையா என்று அக்கறையோடு விசாரிப்பார்கள்.

ஆகவே நோட்டில் ஒற்றைச் சொல் எழுதாதே. யார், எந்த வேளையில் சொன்னது என்பதோடு முழு வாக்கியமாக எழுது. எதிர்ப்பக்கத்தில் தமிழில் பொருள் எழுது. 'ஆங்கிலத்திலேயே யோசி' என்று அதட்டும் ஆசிரியர்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. புரிந்ததா இல்லையா என்பது தமிழில் எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். உச்சரிப்பை மட்டும் தமிழ் எழுத்தில் குறிக்காதே. மாத்திரையும் பணம் கட்டும் ரசீதும் 'பில்' என்று ஒன்றாகிவிடும். மருந்து விஷயத்தில் அது ஆகாது. ஒலியைக் காதால் வாங்கிக்கொள். இணைய அகராதிகளில் பிரிட்டிஷ் உச்சரிப்பையே அழுத்திக் கேட்கலாம்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்றும் கேட்டாய். பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-இல் ஒரு கணக்குப் போட்டார். பேச்சில் நூற்றுக்கு 98 சொல் புரிய 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள், நாவலும் நாளிதழும் படிக்க 8,000 முதல் 9,000. ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம். மலைத்துப் போகாதே. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள்தான். அன்றாட எழுத்தில் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடும். தேர்வில் தேறியவளுக்கு அவை தெரியாமல் இருக்காது. மீதி வார்டில் நின்றால் வரும், சில ஆண்டுகள் பிடிக்கும்.

மறப்பது உன் குற்றமில்லை. ஜெர்மானியரான எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதன் பிறகு மறதி மெல்லத்தான் நகர்கிறது. ஆகவே நாளுக்கு ஏழெட்டு வாக்கியம் போதும். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திரும்பத் திரும்ப நினைவுக்குக் கொண்டு வா. தினமும் வேலைக்கு மலையிறங்குகிறாயே, அதைவிட நல்ல நேரம் ஏது? இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நோட்டைப் பிரித்தால் குமட்டும். பிரிக்காதே. பஸ் ஏறுமுன் தமிழ்ப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அடிவாரம் வருவதற்குள் ஆங்கில வாக்கியங்களை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார். வராததை மட்டும் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்.

புதிய பஸ் நிலையம் பக்கத்துப் பேச்சு ஆங்கில வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார். ஆசிரியரே முழு நேரமும் பேசினால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடு.

லீட்ஸ் யார்க்‌ஷயரில் இருக்கிறது, பேச்சு வாடை தனி. 'நத்திங்' அங்கே பலர் வாயில் 'நவ்ட்'. 'டீ' என்று அழைத்தால் பலகாரமும் தேநீரும் என்று எண்ணிவிடாதே, பல வீடுகளில் அது இரவுச் சாப்பாடு. 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை, ஆறரை அல்ல. பணி நேரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் தாளில் எழுதித் தரச் சொல். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.