பழைய நிண்டெண்டோ வீடியோ கேம் கேட்ரிட்ஜில் ஆட்டம் ஓடுகிறது, ஆனால் சேவ் (விட்ட இடத்தின் பதிவு) நிற்கவில்லை. போலியா?

போலி என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கும். 1987-இல் அமெரிக்காவில் வந்த செல்டா ஆட்டம் போன்ற கேட்ரிட்ஜ்கள் இந்தப் பதிவை ஒரு சிறு மெமரி சிப்பில் வைப்பவை. கன்சோலை அணைத்ததும் அந்தச் சிப்பைத் தாங்குவது சிஆர்2032 பட்டன் பேட்டரிதான். ஆட்டம் இருப்பது வேறு சிப்பில், அதனால் அது ஓடுகிறது.

மாற்றிவிடலாம். திறக்கப் பெரும்பாலும் 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளி வேண்டும். பேட்டரிமேல் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். தகடு பற்றவைத்த பேட்டரியாகவே கேட்டு வாங்குங்கள்.

சேவ் இன்னும் உயிரோடிருக்கும் கேட்ரிட்ஜ் கையில் கிடைத்தால், பேட்டரியைக் கழற்றுமுன் அந்தச் சேவைக் (பதிவைக்) கணினியில் நகலெடுத்துவிடுங்கள். முப்பது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு குழந்தை தட்டிவைத்த பெயர் அதில் இருக்கும். அதை அழியவிட எனக்கு மனசு வராது.