கல்லறைப் பட்டு என்று தரகர் சொன்னால்...

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். ஈரானின் ரே நகரக் கல்லறையில் கிடைத்த ஆயிரம் ஆண்டுப் பட்டுத் துண்டு என்று ஒரு தரகர் காட்டுகிறார். அரபு எழுத்து நெய்திருக்கிறது. கார்பன் சோதனைச் சான்றிதழும் வைத்திருக்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணமும் கொடுத்துவிடாதீர்கள்.

ரே என்ற பெயரைக் கேட்டதுமே உஷாராக வேண்டும். டெஹ்ரானை ஒட்டிய அந்தப் பழைய நகரில் 1920களின் நடுவில் கல்லறைகளைத் தோண்டிப் பட்டுகளை எடுத்தார்கள். முறையான அகழாய்வு இல்லை. எந்தக் குழியில் எது கிடைத்தது என்ற பதிவும் இல்லை. அன்று ஈரானை ஆண்ட பூயித் அரசர்கள் காலத்தவை, அதாவது 10, 11ஆம் நூற்றாண்டு என்று சொல்லி விற்றார்கள். அப்புறம் பல ஆண்டுகள் அதே பெயரில் புதுப்புதுத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. 1970களில் சுவிட்சர்லாந்தின் அபெக் அறக்கட்டளை சந்தேகம் எழுப்பியது. கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தின் டொரத்தி ஷெப்பர்ட் அசல்தான் என்று வாதாடினார். 1990களின் தொடக்கத்தில் வெளியான கார்பன் சோதனையில் பல துண்டுகள் நவீன காலத்தவை என்று தெரிந்தது.

சரி, சான்றிதழ்? அதிலுள்ள காலம் உண்மையாகவே இருக்கலாம். ஆய்வகம் தனக்கு வந்த நூலைத்தான் சோதிக்கிறது. அது எந்தத் துணியின் நூல் என்பது அனுப்பியவருக்குத்தான் வெளிச்சம். வேறொரு பழைய கந்தலிலிருந்து நாலு இழை உருவி அனுப்பினால் போதும். ஒருமுறை என்னிடம் வந்த சான்றிதழில் எண், எடை எல்லாம் இருந்தன, துணியின் படம் மட்டும் இல்லை. லென்ஸ் வைத்து நான்கு ஓரமும் பார்த்தேன். மாதிரி வெட்டிய தடமே இல்லை! ஆய்வகத்தைக் கேட்டால் வாடிக்கையாளர் ரகசியம் என்றார்கள். மாதிரி எடுத்த இடத்தின் படம் இல்லாமல் சான்றிதழே தரக்கூடாது என்று ஒரு விதி போட இவர்களுக்கு என்ன தடை? பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தரகர் பழுப்புக் கறையைக் காட்டி "கஃபன் துணி (இறந்தவரைப் போர்த்தும் துணி), உடல் பட்ட கறை" என்பார். தேயிலைத் தண்ணீரில் முக்கினாலும் பழுப்பு வரும்.

ஒரு வகை மட்டும் வேறு: தேவாலயங்களில் வழிவழியாகக் காத்த பட்டுகள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள யானை உருவப் பட்டில் கிழக்கு ஈரானின் குராசான் பகுதித் தளபதி அபூ மன்சூர் பக்தகீனின் பெயர் நெய்திருக்கிறது. அவர் இறந்தது 961இல். வட பிரான்சின் ஓர் ஊர்த் தேவாலயத்தில் புனித ஜோஸின் எலும்புகளைப் பொதிந்திருந்த துணி அது. இஸ்லாமிய நாட்டில் நெய்தது, கிறிஸ்தவப் புனிதருக்குப் போர்வையானது. மண்ணைத் தோண்டி எடுத்ததல்ல, இருந்த இடம் தெரியும், அதனால்தான் நம்புகிறோம். உங்கள் தரகரிடம் அப்படி ஒரு வரலாறு இருக்காது.

அசலாகவே இருந்தாலும் கல்லறையில் திருடிய பொருளாக இருக்கலாம், அது இன்னும் பெரிய வம்பு. ஈரானை விட்டு எந்த ஆண்டு, யார் அனுமதியில் வெளியே வந்தது என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே பூவேலை உள்ள பகுதியில் மாதிரி வெட்டி, உங்கள் பெயரில் அனுப்பச் சம்மதமா என்றும் கேளுங்கள். தரகர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.