மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுச் சேவைகளை முதலில் தொடங்கியது யார்?

யார் முதலில் தொடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்று பார்த்தால் இந்த வரலாறு சட்டென்று பிடிபடும். நான் காலைத் தாங்கும் காலிப்பர் கருவி போட்டு நடக்கிற ஆள், அதனால் எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

வெகுகாலம் சேவை என்றால் தர்மம்தான். 1780களில் பாரிசில் வாலன்டின் ஹாயி பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது பெரிய திருப்பம். ஆனால் அங்கே புத்தகங்களில் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டார்கள். கண் தெரிந்த ஆசிரியருக்கு வசதி, விரலால் தடவிப் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாடு. அதே பள்ளி மாணவர் லூயி பிரெய்ல் பதினைந்து வயதிலேயே விரலால் தொட்டுப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்து முறையை உருவாக்கிவிட்டார். பிரான்சு அதை ஏற்றது 1854இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து!

காது கேளாதவர்கள் கதை இன்னும் மோசம். 1880இல் மிலான் மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள், பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம், பேச்சுப் பயிற்சியே போதும் என்று தீர்மானித்தார்கள். வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆனது.

அப்புறம் 1977. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1973இல் வந்த சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளில் நான்கு வருடமாகக் கையெழுத்தாகவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள், மூன்று வாரத்துக்கும் மேல். தொலைபேசியைத் துண்டித்தபோது உள்ளிருந்த காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று வெளியே இருந்தவர்களுக்குச் சைகையிலேயே சேதி சொன்னார்கள். மிலான்காரர்கள் வேண்டாம் என்ற அதே மொழி! கையெழுத்தும் வந்தது.

2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் நான்காவது பிரிவு, எங்களைப் பாதிக்கும் முடிவுகளில் எங்களைக் கலந்தே ஆக வேண்டும் என்கிறது. காகிதத்தில் சரி. போன வருடம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். புத்தம் புதிய சாய்தளம், பக்கத்தில் பளபளவென்று கைப்பிடி. ஏறி முடித்தால் வாசலில் ஒரு முழு உயரப் படி. நான் சுவரைப் பிடித்து ஏறிவிட்டேன். எனக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் வந்தவர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.